போகத்துக் காசு, மாதத்துப் பில்: வன்னியில் கடனட்டை வைத்திருக்கிற ஆக்களுக்கு

எங்கள் சந்திக் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மட்டை கிழிந்து, அதன்மேல் பிஸ்கட் பெட்டியை வெட்டி ஒட்டி, நூலில் ஒரு பேனையும் கட்டித் தொங்கவிட்ட கொப்பி. அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம். மா 2 கிலோ, சீனி 1, தேங்காய் எண்ணெய் அரைப் போத்தல், சவர்க்காரம் 2, மூத்தவனுக்கு ஒரு கொம்பாஸ் பெட்டி. "எப்ப தரவேணும் அண்ணை?" என்று அம்மா கேட்டால் கடைக்காரர் தலை நிமிராமலே "சூடு அடிக்கத் தாங்கோவன், எங்க ஓடப் போறியள்?" என்பார். இப்போது மெசின் வயலுக்குள் இறங்கி, வெட்டி, நெல்லாகவே கொட்டிவிட்டுப் போகிறது, கதிரைக் குவித்துச் சூடு வைக்கிறதுமில்லை அடிக்கிறதுமில்லை, ஆனால் அவருடைய வாயில் தவணை இன்னமும் சூடடிப்புத்தான்.

கடனட்டையும், நாங்கள் காட் என்று சொல்கிறது, அந்தக் கொப்பிதான். கடையில் சாமானை எடுக்கிறீர்கள், கடைக்காரருக்கு வங்கி காசைக் கொடுக்கிறது, உங்கள் பெயரில் ஒரு பக்கத்தில் எழுதிவைக்கிறது. அவ்வளவுதான், அதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கொப்பியை வைத்திருக்கிறவருக்கு இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், கடைசி மழையில் கதிர் சாய்ந்ததா என்பதெல்லாம் தெரியாது. அவருக்கு மாதம் மட்டும்தான் தெரியும். மாதம் முடிந்தால் பில். நான் கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை, அக்கராயன் பக்கம் அப்பாவின் வயல் நாலு ஏக்கர், ஆக எனக்கு ஒரு கால் சம்பளத்தில், மற்றக் கால் போகத்தில். இந்த இரண்டு காலையும் ஒரே காட்டுக்குள் விட்டதால் வந்த வினையையும், அதற்குப் பிறகு காட்டை ஒழுங்காகப் பாவிக்கப் பழகிய விதத்தையும்தான் எழுதுகிறேன்.

முதலில் திகதி, பிறகுதான் மற்றதெல்லாம்

காட் வைத்திருக்கிற யாரிடமாவது "லிமிட் எவ்வளவு?" என்று கேளுங்கள், உடனே சொல்லுவார். "பில் போடுற திகதி என்ன?" என்று கேளுங்கள், யோசிப்பார். தெரிந்திருக்க வேண்டியது அந்தத் திகதிதான். ஒரு மாதத்தில் நீங்கள் வாங்கியதையெல்லாம் கூட்டி வங்கி ஸ்டேட்மன்ட் போடுகிற நாள் ஒன்று, அதைக் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 20 நாள் இருக்கும்.

உங்கள் ஸ்டேட்மன்ட் 15ஆம் திகதி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் 14ஆம் திகதி, பொங்கல் சாமான் வாங்குகிறீர்கள். அடுத்த நாளே அது ஸ்டேட்மன்டில் ஏறிவிடும், மாசி 4ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும், கையில் இருப்பது 21 நாள். அதே சாமானை 16ஆம் திகதி வாங்கினால் அது மாசி 15 ஸ்டேட்மன்டுக்குத்தான் போகும், பங்குனி முதல் கிழமையில் கட்டினால் போதும், கிட்டத்தட்ட 50 நாள். விளம்பரத்தில் "51 நாள் வரை வட்டியில்லை" என்று போடுகிறார்களே, அந்த "வரை" என்கிற சொல்லுக்குள் இருக்கிற கணக்கு இதுதான். பெரிய சாமான் வாங்குவதென்றால் ஸ்டேட்மன்ட் போட்ட அடுத்தநாள் வாங்குங்கள். (பொங்கலை 16ஆம் திகதிக்குத் தள்ளச் சொல்லவில்லை.)

சம்பளம் 25ஆம் திகதி போல வருகிற ஆளுக்குக் கட்டுகிற திகதி 18 என்று விழுந்தால் ஒவ்வொரு மாதமும் தொண்டையில் முள். வங்கிக்குப் போய், சம்பளத்துக்குப் பிறகு ஒரு திகதிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருவார்கள், கேட்கிற ஆக்கள்தான் குறைவு.

இன்னொன்று. அந்த 50 நாள் சலுகை முழுக் காசையும் கட்டுகிறவனுக்கு மட்டும்தான். 50,000 ரூபா பில்லில் 45,000 கட்டிவிட்டு, மிச்சம் 5,000க்குத்தானே வட்டி, அது என்ன பெரிய காசு என்று இருந்தால் அடுத்த ஸ்டேட்மன்டைப் பார்த்துத் திகைப்பீர்கள். பல வங்கிகள் வாங்கிய நாளிலிருந்து முழு 50,000க்கும் வட்டி போடும், நீங்கள் 45,000 கட்டிய நாள்வரை. அதற்குமேல், பழைய மிச்சம் இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பாண் பணிஸுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே ஓடும். இது ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், நானும் நீங்களும் கையெழுத்துப் போட்டுத்தான் இருக்கிறோம்.

மினிமம் என்கிற இனிப்பு

ஸ்டேட்மன்டில் இரண்டு தொகை அச்சடித்து வரும். ஒன்று முழுத் தொகை. மற்றது "ஆகக் குறைந்த கொடுப்பனவு", எல்லோரும் மினிமம் என்று சொல்வது. முழுத் தொகை 60,000 என்றால் மினிமம் 3,000 என்று இருக்கும், 5 வீதம் கணக்கு. அதைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு குளிர்ச்சி வரும் பாருங்கள், அட, 3,000தானே! ஆட்களைக் கவிழ்ப்பதும் அந்தக் குளிர்ச்சிதான்.

கணக்கைப் பார்ப்போம். லேசாக இருக்கட்டும் என்று வருச வட்டி 24 வீதம், அதாவது மாதம் 2 வீதம் என்று வைப்போம். 60,000க்கு முதல் மாத வட்டி 1,200. மொத்தம் 61,200, அதில் 5 வீதம் 3,060 கட்டுகிறீர்கள். மிச்சம் 58,140. 3,060 ரூபா போனது, கடன் குறைந்தது 1,860. இப்படியே ஒரு வருசம், காட்டைத் தொடாமல், ஒரு மாதமும் பிந்தாமல், மினிமம் மட்டும் கட்டினால் நீங்கள் கட்டியது 31,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல், ஆனால் கடன் இன்னும் 41,000க்கு மேலே நிற்கும். 12,000 ரூபா வட்டிக்குப் போயிருக்கும். இரண்டாவது வருசம் முடியவும் 28,000 மிச்சம் இருக்கும். இதெல்லாம் புதிதாக ஒரு சவர்க்காரம்கூட வாங்காமல் இருந்தால்தான். பிந்தினால் தாமதக் கட்டணம் வேறு, லிமிட்டைத் தாண்டினால் அதற்கொரு கட்டணம் வேறு.

என் கதை இதைவிட மோசம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்களே, அந்தக் காலபோகம். யூரியா இல்லை, இருந்த இடத்தில் யானை விலை. ஏதோ திரவப் பசளை, ஏதோ சேதனப் பசளை என்று ஓடித் திரிந்ததில் என் காட்டில் 70,000க்கு மேல் ஏறிவிட்டது, உழவுக்கூலிக்கென்று அதே காட்டை ஏடிஎம்மில் போட்டுக் காசும் எடுத்தேன். மாசியில் வெட்டினால் ஒரே கட்டில் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. வெட்டினோம். ஏக்கருக்கு 25 மூட்டை எதிர்பார்த்த வயலில் 11. அப்பா வரம்பில் குந்தியிருந்து மூட்டையை எண்ணினார், பிறகு இன்னொருதரம் எண்ணினார், ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். அந்த மாதத்திலிருந்து நான் மினிமம் கட்டத் தொடங்கினேன்.

அப்போதுதான் அடுத்தது. நான் கடன் ஏற்றிய நேரம் காட் வட்டி 18 வீதம், ஏனென்றால் 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி அப்படியொரு உச்சவரம்பு போட்டிருந்தது. 2022 ஏப்ரலில், நாடு வங்குரோத்தான அந்த மாதத்தில், வரம்பை எடுத்துவிட்டார்கள். சில மாதத்துக்குள் வட்டி 30ஐத் தாண்டி, பல வங்கிகளில் 36 வரைக்கும் போனது. நான் 18இல் வாங்கிய பசளைக்கு 36இல் வட்டி கட்டினேன். வங்கி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தது, டீசல் வரிசையில் நின்றுகொண்டு அதை வாசித்தேன், வாசித்தும் விளங்கவில்லை. காட் வட்டி எடுத்த அன்று எழுதி முடித்த வட்டி இல்லை, மாறும், மாறும்போது பழைய மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் மாறும். கடைசியில் மனிசியின் சங்கிலி அடைவுக்குப் போய்த்தான் அந்தப் பக்கம் மூடியது. இதற்கு வங்கியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளத்துக்கென்று கொடுத்த காட்டில் போகத்தைக் கொண்டுபோய் ஏற்றியது நான்.

ஆகவே என் சட்டம்: வயலுக்குக் காட் இல்லை. விதைநெல், பசளை, உழவு, வெட்டுக்கூலி எதுவும் அதில் ஏறக்கூடாது. அதற்குப் பயிர்ச்செய்கைக் கடன் என்று வங்கிகளில் கொடுக்கிறார்கள், அறுவடை முடியக் கட்டுகிற மாதிரித் தவணை. கமநல சேவை நிலையத்தில் பதிவும் கையெழுத்தும் என்று கொஞ்சம் அலைய வேண்டும்தான். ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக ஓடுகிறதென்றால் அங்கே கேளுங்கள்.

காசு எடுக்கிறது பற்றி ஒரு பந்தி போதும். கடனட்டையை ஏடிஎம்மில் போட்டுக் காசு எடுக்கலாம், எடுக்காதீர்கள். எடுத்த உடனே ஒரு கட்டணம் வெட்டுவார்கள், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், 50 நாள் கதையெல்லாம் இதற்குக் கிடையாது. டெபிட் காட்டும் கடனட்டையும் ஒரே நிறத்தில் இருந்தால் ஒன்றில் பிளாஸ்டர் ஒட்டி வையுங்கள், அப்பா ஒருநாள் மாறிப் போட்டு எடுத்துவிட்டார்.

யார் எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்

2009க்குப் பிறகு ஏ9 வீதி திறந்து, ஆக்கள் தறப்பாள் கொட்டிலைக் கழற்றி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிற நேரத்திலேயே லீசிங்காரர் வந்துவிட்டார்கள், நுண்கடன்காரர் குழு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கிழமைக் கட்டுக்காசுக்கு முற்றத்தில் வந்து குந்தியிருந்தவர்களை முல்லைத்தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது, எங்கள் மாவட்டங்களும் அதற்குள் அடக்கம். அப்படிச் சூடுபட்ட ஊரில் காட் என்றதும் சிலர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் ஒரே திகதியில் சம்பளம் வருகிற ஆசிரியர், தாதி, அலுவலகக்காரர் பயப்படத் தேவையில்லை. மாதம் எவ்வளவு செலவென்று தெரிந்திருந்தால் போதும்.

அலுவலகத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஒரு தம்பி வருவார், "சேர், ஜொய்னிங் ஃபீ இல்லை, சம்பளச் சிட்டை, அடையாள அட்டைக் கொப்பி, கரண்ட் பில் இருந்தால் போதும்" என்பார். அவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: வருசக் கட்டணம் எவ்வளவு, முதல் வருசம் இல்லையென்றால் இரண்டாம் வருசம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பிந்தினால் எவ்வளவு. அவர் வாயால் சொல்வதை வங்கியின் கட்டணப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அது வங்கியின் இணையத்தளத்தில் கிடக்கும். லிமிட் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். வங்கியே பிறகு போன் எடுத்து "உங்கட லிமிட்டைக் கூட்டித் தாறம்" என்னும், வேண்டாம் என்று சொல்லலாம், கோபிக்க மாட்டார்கள்.

சம்பளச் சிட்டை இல்லாத ஆள், கடை வைத்திருக்கிறார், கராஜ் வைத்திருக்கிறார் என்றால் நிலையான வைப்பைப் பிணையாக வைத்துக் காட் எடுக்கிற வழியும் உண்டு. வைப்பில் ஒரு பங்குதான் லிமிட்டாகக் கிடைக்கும், வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் வைப்பில் கைவைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

காட் கைக்கு வந்த அன்றே ஒரு வேலை. சம்பளக் கணக்கிலிருந்து பில் காசைத் தானாகக் கழிக்கும்படி எழுதிக் கொடுங்கள். அந்தப் படிவத்தில் "முழுத் தொகை" என்றும் "ஆகக் குறைந்த தொகை" என்றும் இரண்டு பெட்டி இருக்கும். முழுத் தொகையில் சரி போடுங்கள். உத்தியோகத்தர் பழக்கத்தில் மற்றதில் போட்டுத் தரலாம், பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சரி, நல்லதென்ன?

உண்டு, சும்மா இல்லை. இரவு பத்து மணிக்குப் பிள்ளையை யாழ்ப்பாணத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினால் அட்மிட் பண்ண முற்பணம் கேட்பார்கள், அந்த நேரம் கொப்பிக் கடைக்காரரை எழுப்ப முடியாது. விமான ரிக்கற், வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம், பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் காட் இலகு. வெளிநாட்டுக் காசில் வாங்கினால் மாற்றுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேரும், 10 டொலர் என்று பார்த்தது பில்லில் கொஞ்சம் கூடித்தான் வரும்.

ஒன்லைனில் வாங்குவதற்கு டெபிட் காட்டைவிடக் கடனட்டை பாதுகாப்பு என்பது என் எண்ணம். யாராவது களவாக உபயோகித்தால் டெபிட்டில் போவது உங்கள் கணக்கில் கிடக்கிற காசு, அது திரும்பி வரும்வரை வீட்டுச் செலவு நிற்கும். கடனட்டையில் போவது வங்கியின் காசு, "இது நான் வாங்கியதில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்கை நடத்தலாம். ஆனால் உடனே சொல்ல வேண்டும், ஸ்டேட்மன்டை வாசிக்காமல் மேசை லாச்சிக்குள் போடுகிறவனுக்கு இந்த நன்மை கிடையாது.

பிறகு வட்டியில்லாத் தவணை. 180,000 ரூபா குளிர்சாதனப் பெட்டியை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 15,000, வட்டி பூச்சியம். வீடு வீடாக வந்து தவணைக்குக் கொடுக்கிற ஆட்களின் விலையோடு ஒப்பிட்டால் இது நல்ல வழி. ஆனால் கடைக்குள் போனதும் தவணையைப் பற்றிக் கதைக்காதீர்கள். முதலில் "கைக்காசுக்கு என்ன விலை அண்ணை?" என்று கேளுங்கள். 168,000க்குத் தருவேன் என்றால் உங்கள் பூச்சிய வட்டி உண்மையில் 12,000 ரூபா. சில இடத்தில் கையாளுகைக் கட்டணம் என்று முன்னுக்கே ஒரு தொகையும் வெட்டுவார்கள். இன்னொன்று, 180,000மும் உங்கள் லிமிட்டில் அன்றைக்கே பூட்டப்பட்டுவிடும், கட்டக் கட்டத்தான் திறக்கும். ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று வைத்திருந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி நிற்கும்.

கழிவு விலைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளிநொச்சி ஃபூட் சிற்றியில் சில நாட்களில் சில காட்டுக்குக் கழிவு போடுவார்கள், சாமான் பட்டியலோடு போனால் லாபம், பட்டியல் இல்லாமல் போனால் வண்டில் நிரம்பும். கத்தரிக்காய்க்குக் கழிவு என்று அங்கே போய் நிற்கிற ஆக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான், சந்தையில் காலையில் பிடுங்கிய காய் கழிவில்லாமலே மலிவு. முறிகண்டிக் கச்சானுக்கும் காட் ஏறாது.

கடைக்காரர் "காட் எண்டா 3 வீதம் கூட" என்று சொல்லுவார். அது வங்கிக்குக் கடைக்காரர் கொடுக்க வேண்டிய தரகு, வாங்குகிறவர் தலையில் போடக்கூடாது என்று மத்திய வங்கியே அறிவித்திருக்கிறது. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு காட் தந்த வங்கிக்கு முறையிடலாம். தெரிந்த கடை, முகம் முறிக்க ஏலாது என்றால் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள், 3 வீதத்தைக் கொடுக்க மட்டும் வேண்டாம்.

மச்சானுக்குப் போன்

வன்னியில் காட் வைத்திருக்கிறவனுக்கு வருகிற பெரிய ஆபத்து வட்டிகூட இல்லை, சொந்தக்காரர். "மச்சான், உன்ர காட்டில ஒரு போன் எடுத்துத் தாவன், ஆறு மாதத் தவணைதானே, மாதா மாதம் கையில தந்திடுவன்." ஒன்றுக்குள் ஒன்று, இடம்பெயர்ந்த காலத்தில் அவர்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்திருக்கிறோம், எப்படி இல்லையென்பது? எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் தந்தான். மூன்றாம் மாதம் "கொஞ்சம் பொறு மச்சான்". நாலாம் மாதம் என்னைக் கண்டதும் மோட்டார்சைக்கிளை வேறு ஒழுங்கைக்குள் திருப்பினான். தவணை என் பெயரில்தான் வெட்டியது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கேட்டால் கையில் இருக்கிற காசில் ஒரு தொகை கொடுக்கிறேன், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகை. காட்டைத் தொடுவதில்லை. "காட் மனிசியின்ர கையில, அவவைக் கேள்" என்றால் பாதிப்பேர் கேட்க மாட்டார்கள். மனிசிக்கு இதில் கோபம்தான், கெட்ட பெயர் தனக்கு என்று.

பிணைக்கும் இதே கதைதான். கொடுகடன் தகவல் பணியகம், எல்லோரும் கிரிப் என்று சொல்வது, உங்கள் கடன்களை மட்டுமல்ல, நீங்கள் பிணை நின்ற கடன்களையும் எழுதிவைத்திருக்கிறது. மச்சான் லீசிங் கட்டாமல் விட்டால் அது உங்கள் அறிக்கையிலும் தெரியும். கிரிப்பில் "கறுப்புப் பட்டியல்" என்று ஒன்று இருப்பதாக ஊரில் ஒரு கதை உண்டு. அப்படி ஒரு பட்டியல் இல்லை. யார் எவ்வளவு எடுத்தார், எத்தனை நாள் பிந்தினார் என்கிற பதிவுதான், அதைப் பார்த்து முடிவெடுப்பது வங்கி. ஒழுங்காகக் கட்டிய காட்டும் அதில் பதிவாகும், வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது உதவும். உங்கள் அறிக்கையை நீங்களே சிறு கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம், வங்கியில் கேட்டால் வழி சொல்லுவார்கள்.

போனில் வருகிற கள்ளர்

சுத்தத் தமிழில், நல்ல மரியாதையாகக் கதைப்பார்கள். "ஐயா, வங்கியில இருந்து கதைக்கிறம், உங்கட காட் புளொக் ஆகப்போகுது, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கோ." அந்த நம்பர்தான் ஓடிபி, ஒருதரம் மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம், அதைச் சொன்னால் சொன்ன வாய் மூட முதல் காசு போய்விடும். எந்த வங்கியும் அதைக் கேட்காது, காட்டின் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்காது. தபால் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பொதி வந்திருக்கிறது, 80 ரூபா கட்டுங்கள்" என்ற மாதிரி எஸ்எம்எஸ் வரும், லண்டனிலிருந்து அக்கா ஏதும் அனுப்பியிருப்பாவோ என்று நினைத்து இணைப்பை அமத்திக் காட் இலக்கத்தை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு வன்னியில் எங்கே இருக்கிறது, அதனால்தான் இந்தத் தூண்டில் இங்கே நன்றாக வேலை செய்கிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு விடியும்வரை இருக்காதீர்கள். காட்டின் பின்பக்கத்தில் இருக்கிற வங்கி இலக்கத்துக்கு உடனே எடுத்துக் காட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தை இப்போதே போனில் சேமித்து வையுங்கள், காட் தொலைந்தால் பின்பக்கமும் சேர்ந்துதான் தொலையும்.

ஏற்கெனவே மாட்டுப்பட்டிருந்தால்

முதலில் காட்டை நிறுத்துங்கள், வெட்ட வேண்டியதில்லை, வீட்டில் பூட்டி வையுங்கள். பிறகு மிச்சத்தை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று காட் இருந்தால் மூன்றையும் வட்டியோடு எழுதி, வட்டி கூடியதற்கு அதிகமாகக் கட்டி, மற்றதுகளுக்கு மினிமம் கட்டிக்கொண்டு வாருங்கள். வங்கிக்கு நேரில் போய், இந்த மிச்சத்தைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தாருங்கள் என்று கடிதம் கொடுங்கள், வாயால் கேட்டால் போதாது. பிந்துவதற்கு முதல் போகிறவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, மூன்று மாதம் போனை எடுக்காமல் இருந்துவிட்டுப் போகிறவனுக்கு அது இல்லை.

நகை அடைவு வைத்துக் காட்டைக் கட்டலாமா? அடைவு வட்டி பெரும்பாலும் காட் வட்டியைவிடக் குறைவு, நான் செய்ததும் அதுதான், ஆனால் மீட்கிற திகதியை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள், நகை ஏலத்துக்குப் போனால் கணக்கெல்லாம் தலைகீழ். நுண்கடனோ மீற்றர் வட்டியோ எடுத்துக் காட்டைக் கட்டுவது, ஓட்டை வாளியில் இறைத்து ஓட்டை வாளிக்கு ஊற்றுகிற வேலை.

வங்கியோடு பிணக்கு வந்து, எழுதிக் கொடுத்தும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935க்கு எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலேயே இருக்கிறது, கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. போகும்போது ஸ்டேட்மன்டுகளையும் நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் கொண்டு போங்கள்.

கணக்கை மூடுவதென்றால் மிச்சம் பூச்சியம் என்று கண்டதும் விட்டுவிடக்கூடாது, கடைசி ஸ்டேட்மன்ட் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி அடுத்த மாதம் 300, 400 என்று வந்து நிற்கும், அதைக் கட்டாமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணம், பிறகு அதற்கு வட்டி. மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்து, மூடியாயிற்று என்று அவர்களிடமிருந்து கடிதம் வாங்க வேண்டும். என் பழைய காட்டின் கடிதம் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில், காணி உறுதியோடு ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. புதுக் காட்டின் லிமிட் 60,000. போன மாதப் பில் 14,350, முழுவதும் சம்பளத்தில் வெட்டுப்பட்டது. சந்திக் கடைக் கொப்பியில் மட்டும் இன்னும் 6,000 சொச்சம் நிற்கிறது, அது சூடு அடிக்கத்தான்.